பேண்ட்டைப் பிரிக்கப் போன இடத்தில்

போன வருடம் ஆவணி மாதம் பம்மலில் நடந்தது. மகள் கல்யாணத்துக்குப் பத்து நாள்தான் இருந்தது. எனக்கு வயது அறுபத்திரண்டு. முப்பத்தைந்து வருடம் ஊதித் தள்ளிய சிகரெட்டை, டாக்டர் எச்சரித்ததால் ஏழு மாதத்துக்கு முன்புதான் விட்டிருந்தேன். விட்ட வாய் சும்மா இருக்குமா? முறுக்கு, கடலை மிட்டாய் என்று அரைத்துக்கொண்டே இருந்தது. ஒன்பது கிலோ ஏறிவிட்டது.

"பந்தியில உங்களுக்கு ரெண்டு இலை போடணும் போலிருக்கே" என்று சொந்தக்காரர்கள் கேலி செய்தார்கள். நிச்சயதார்த்தத்துக்குத் தைத்த பேண்ட்டில் பொத்தானே சேரவில்லை. பழையபடி சிகரெட் பிடித்தால் இளைத்துவிடலாம் என்று முடிவு கட்டினேன். பெட்டிக்கடையில் ஒரே ஒரு சிகரெட் வாங்கிச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு, பேண்ட்டைப் பிரித்துவிடச் சொல்லத் தையல்கடைக்குப் போனேன். திரும்பும்போது பற்றவைப்பதாக எண்ணம்.

தையல்கடை பாய் இருபது வருடமாக எனக்குத் தைப்பவர். என் வயதுதான்.

"இன்னா சார், கல்யாணம் பொண்ணுக்கா, உங்களுக்கா? பூரிப்பு தாங்கல!" என்று சிரித்தபடி டேப்பை எடுத்தார்.

எனக்குச் சிரிப்பு வரவில்லை. "சிகரெட்டை விட்டதுதான் பாய் தப்பாப் போச்சு" என்றேன்.

இடுப்பளவு எடுக்க, ஆளைக் கட்டிப்பிடிப்பது போல நெருங்கத்தான் வேண்டும். டேப்பைச் சுற்றியவர் அப்படியே நின்றார்.

"ஒண்ணு சொன்னா கோச்சிக்க மாட்டீங்களே? எனக்கு வீசிங் கீது சார், சிகரெட் வாடை ஆவாது. நீங்க வந்தா மூச்சைப் புடிச்சிகினுதான் அளவெடுப்பேன். இன்னிக்குத்தான் மூச்சு வுட்டுகினு அளக்குறேன்."

இருபது வருடமாக அவர் அவசரமாக அளந்துவிட்டு விலகிப்போவார். வேலை மும்முரம் என்றே நினைத்திருந்தேன்.

"ஏன் பாய் சொல்லவேயில்லை?"

"கடைக்கு வர்றவர்கிட்ட எப்டி சார் சொல்றது?" பேண்ட்டைப் புரட்டிக் காட்டினார். "உள்ளார ரெண்டு இஞ்ச் துணி வுட்டுத்தான் தெச்சிகீறேன். கவலைய வுடுங்க."

வெளியே வந்ததும் அந்தச் சிகரெட்டை ஒடித்துக் குப்பைத் தொட்டியில் போட்டேன். அதன்பின் தொடவில்லை. தொப்பையும் பெரிதாகக் குறையவில்லை. கல்யாண போட்டோவில் நன்றாகவே தெரிகிறது.

புகுந்த வீட்டுக்குக் கிளம்பும்போது மகள் என் தோளில் சாய்ந்து அழுதாள். அவள் மூச்சு என் கழுத்தில் சூடாகப் பட்டது. இந்தப் பிள்ளையும் என் பக்கத்தில் எத்தனை வருடம் மூச்சை அடக்கிக்கொண்டு இருந்தாளோ என்ற நினைப்பு, இன்றும் என்னை விடவில்லை.