கோமதியின் ஒரு நிமிட அமைதி

போன செவ்வாய்க்கிழமை காலை ஒரு பெண் என்னை ஓர் அறைக்குள் உட்கார வைத்து, கதவைச் சாத்திவிட்டு வெளியே போய்விட்டாள். அந்த அறையில் தனியே ஒரே ஒரு நிமிடம்தான் இருந்தேன். அதைப் பற்றித்தான் இந்த வாரம்.

பேய்க் கதை என்று பக்கத்தைப் புரட்டிவிடாதீர்கள். எனக்குப் பேய், பிசாசு எதிலும் நம்பிக்கை கிடையாது. கிடையாது என்றுதான் அன்று காலை பத்தே முக்கால் வரை சொல்லிக்கொண்டிருந்தேன்.

பெண்ணின் பெயர் கோமதி. என் மனைவியோடு ஒரே ஆபீசில் வேலை பார்த்த ராஜத்தின் மகள். வலியசாலை அக்ரஹாரத்தில் வீடு, பேச்சில் பாதி மலையாளம். கழக்கூட்டத்தில் ஐ.டி. வேலை. மிச்ச நேரத்தில் ‘இன்டிபென்டென்ட் மியூசிஷியன்’.

“அப்படின்னா என்னம்மா?” என்று வாசலிலேயே கேட்டேன்.

“பாட்டு எழுதறது நான், ட்யூன் போடறது நான், பாடறது, கிட்டார் வாசிக்கறது, மிக்ஸ் பண்றது, போஸ்டர் டிசைன்... எல்லாம் நானாக்கும் மாமா.”

“கேட்கிறது?”

“அதுக்குத்தானே உங்களைக் கூப்பிட்டேன்!”

உள்ளேயிருந்து ராஜம் சிரித்தாள். “மூணு வருஷமா ஊரார் பாட்டையே பாடிண்டிருந்தா. இப்பத்தான் சொந்தமா ஒண்ணு. வெள்ளிக்கிழமை ரிலீஸாம். அதுக்குள்ளே சோறு வேண்டாம், உறக்கம் வேண்டாம்... நீங்களாவது சொல்லுங்கோ!”

என்னை ஏன் கூப்பிட்டாள்? வாடிக்கையான வாசகர்களுக்கு என் கெட்ட பழக்கம் தெரியும். எந்தப் புதுப்பாட்டைக் கேட்டாலும் இரண்டாவது வரியிலேயே “இது அந்தப் பழைய பாட்டுதானே” என்று போட்டு உடைத்துவிடுவேன். ஐம்பது வருடமாகப் பாட்டுக் கேட்கிற காது. இதற்காக என்னைத் திட்டி எத்தனை கடிதம் வந்திருக்கிறது! கோமதிக்கு வேண்டியதும் அந்தக் காதுதான்.

“மாமா, இந்த ட்யூன் என்னோடதான்னு எனக்குத் தெரிஞ்சாகணும். வேற யாரோடதாவது இருந்தா நான் ரிலீஸ் பண்ண மாட்டேன். என் பேரைப் போட்டுண்டு அடுத்தவா சொத்தைப் பாட என்னால முடியாது.”

சிரித்துக்கொண்டுதான் சொன்னாள். ஆனால், கண் சிரிக்கவில்லை.

அவளுடைய ‘ஸ்டூடியோ’, வீட்டின் நடுவில் இருந்த பழைய சாமான் அறை. ஜன்னல் கிடையாது. சுவர் முழுக்கக் கம்பளியும் பழைய மெத்தையும். நடுவில் ஒரு மைக், அதற்கு முன்னால் டீ வடிகட்டி மாதிரி வட்டமாக ஒரு வலை. கதவைச் சாத்தினால், நாம் பேசுவது நம் வாயைத் தாண்டிப் போகாது போல ஓர் உணர்வு. எனக்கு அது பிடிக்கவில்லை.

“இங்கே எப்போ ரெக்கார்டிங்?”

“காலம்பற கோயில் மைக். எட்டு மணிக்கு ஸ்கூல் வேன். பத்து வரைக்கும் பழைய பேப்பர், காய்கறி வண்டி. பதினொண்ணரைக்கு எல்லா வீட்டிலயும் குக்கர். நடுவிலே ஒண்ணரை மணிக்கூறுதான் எனக்குக் கலை, கேட்டேளா. அதுவும் அம்மா மிக்ஸி போடாம இருந்தா.”

பாட்டைப் போட்டாள். வித்துரா என்ற ஊர் வழியாகப் பொன்முடி மலைக்குப் போகிற பஸ்ஸில், பக்கத்து சீட் காலியாக இருக்க, தனியே போகிற ஒருத்தியின் பாட்டு. ‘வித்துரா தாண்டி மழை வந்தது... ஜன்னல் ஓரம் நீ இல்லை...’

முதல் வரி முடிந்தது. இரண்டாவது வரி. நான் விரலைத் தூக்கத் தயாராக இருந்தேன். தூக்க முடியவில்லை. பல்லவி முடிந்து சரணமும் வந்துவிட்டது. எந்தப் பழைய பாட்டும் நினைவுக்கு வரவில்லை. கொஞ்சம் எரிச்சலாகக்கூட இருந்தது. ஐம்பது வருட சர்வீஸ் ஆயிற்றே!

“நல்லா இருக்கும்மா. யாரோடதும் இல்லை. தைரியமா ரிலீஸ் பண்ணு.”

அவள் சந்தோஷப்படவில்லை. “இனி இதைக் கேளுங்கோ” என்று ஹெட்போனை என் தலையில் மாட்டினாள்.

இங்கே ஒரு தொழில் விஷயம் சொல்லியாக வேண்டும். பாடுவதற்கு முன்னால் இவர்கள் ஒரு நிமிடம் சும்மா உட்கார்ந்து, அறையின் அமைதியைப் பதிவு செய்துகொள்வார்களாம். பிறகு அதை சாஃப்ட்வேரிடம் காட்டி, ‘இதுதான் இரைச்சல், பாட்டில் இது எங்கெல்லாம் இருக்கிறதோ அங்கெல்லாம் எடுத்துவிடு’ என்பார்களாம். அதுவும் சொன்னதைச் செய்யும். மின்விசிறி, தூரத்து ஆட்டோ எல்லாம் மறைந்து குரல் மட்டும் சுத்தமாக நிற்கும்.

அதற்கு முந்தின வாரம் கோமதி ஒரு சோம்பேறித்தனம் செய்திருக்கிறாள். அன்றன்றைய அமைதியை அன்றன்றே எடுக்க வேண்டும். அவள் எடுக்கவில்லை. ரெக்கார்டிங் ஆரம்பித்த முதல் நாள் எடுத்த பழைய அமைதியையே சாஃப்ட்வேரிடம் கொடுத்துவிட்டாள்.

“என்ன ஆச்சு?”

“என் குரல் போயிடுத்து மாமா.”

“போயிடுத்துன்னா?”

“நீங்க இப்போ கேட்டது துடைக்காத ஒரிஜினல். துடைச்சதிலே கிட்டார் இருக்கு, ஃபேன் சத்தம்கூட லேசா இருக்கு. என் குரலை மாத்திரம் துடைச்சு எடுத்துடுத்து. இரைச்சல்னு நினைச்சு!”

எனக்குச் சிரிப்பு வந்தது. “மெஷினுக்குக்கூட விமர்சகர் புத்தி வந்திருச்சு போல.”

“சிரிக்காதேங்கோ. ஏன் துடைச்சுதுன்னு பார்க்க, அந்த ஒரு நிமிஷ அமைதியை நூறு மடங்கு சத்தமாக்கினேன்.” பட்டனை அழுத்தினாள்.

முதலில் மழை போல ஓர் இரைச்சல். வெகு தூரத்தில் காக்கை. அப்புறம் அந்த இரைச்சலுக்கு அடியில்... ம்ம்... ம்ம்ம்... வாயை மூடிக்கொண்டு யாரோ முணுமுணுக்கிறார்கள். வார்த்தை இல்லை. ஆணா பெண்ணா தெரியவில்லை. நடுவில் மூச்சு வாங்குவதுகூடக் கேட்டது.

ட்யூன்? சற்று முன் கேட்ட அதே வித்துரா மழை.

“சரி, நீ உன் ட்யூனை முணுமுணுத்திருக்கே. இதில் என்ன?”

“மாமா, அன்னிக்கு இந்த ட்யூனே இல்லை! அப்போ வேற ட்யூன். அது சரியா வரலைன்னு தூக்கிப் போட்டுட்டேன். இது மூணு வாரம் கழிச்சு, கழக்கூட்டத்திலேர்ந்து வரச்சே பஸ்ஸிலே தோணித்து. எனக்குத் தோணறதுக்கு மூணு வாரம் முன்னாலேயே இந்த ரூமிலே யாரோ பாடியிருக்கா. மனசிலாச்சோ? அப்போ இது யாரோட பாட்டு?”

கையில் ரோமம் நின்றது. ஏ.சி. இல்லாத அறையில்!

நானா விடுவேன்? “பக்கத்து வீட்டு ரேடியோவா இருக்கும். அக்ரஹாரம்தானே, ரெண்டு வீட்டுக்கும் ஒரே சுவர்.”

“பக்கத்து வீடு பூட்டிக் கிடக்கு. அவா எல்லாரும் வெளிநாட்டிலே.”

“தேதி மாறிப்போயிருக்கும்.”

கம்ப்யூட்டரில் தேதியைக் காட்டினாள். மாறவில்லை.

“அப்போ நீயே ஏதோ நினைப்பில் முனகியிருப்பே. பாடுறவங்களுக்கு வாய் சும்மா இருக்காது. இப்போ நீ வெளியே போ. நான் தனியா உட்கார்றேன். ஒரு நிமிஷம் பதிவு பண்ணிப் பார்ப்போம். ஒண்ணும் இருக்காது.”

“எனக்குப் பேடியா இருக்கு மாமா. வேண்டாம்.”

“பயம் எனக்கில்லே வரணும்? போம்மா!”

போய்விட்டாள். கதவு சாத்திக்கொண்டது. மைக்கில் ஒரு சின்னச் சிவப்பு விளக்கு. மணி பத்தே முக்கால்.

ஒரு நிமிடம் எவ்வளவு நீளம் என்று உங்களுக்குத் தெரியுமா? எனக்கு அன்றுதான் தெரிந்தது. நான் முனகிவிட்டேன் என்று யாரும் சொல்லக் கூடாதென்று, வலது கையால் வாயை அழுத்திப் பொத்திக்கொண்டேன். மூக்கு அரித்தது. வயிறு ஒரு தரம் சத்தம் போட்டது. ராஜம் வீட்டு அடை தந்த சத்தம், அதில் மர்மம் ஒன்றும் இல்லை.

பிறகு அதுவும் நின்றது. காதுக்குள் என் ரத்தம் ஓடுவது கேட்டது. கம்பளிச் சுவர்கள் இன்னும் கொஞ்சம் நெருங்கி வந்த மாதிரி இருந்தது. வினோதமாக ஒன்று தோன்றியது... அறையில் யாரோ இருக்கிறார்கள் என்றுகூட இல்லை. யாரோ என்னைக் கேட்டுக்கொண்டிருக்கிறார்கள் என்று. நான்தான் எந்தச் சத்தமும் போடவில்லையே, எதைக் கேட்கிறார்கள்? உள்ளங்கை வேர்த்து, மூடிய வாயில் உப்புக் கரித்தது. பயந்துவிட்டேன். ஒப்புக்கொள்வதில் என்ன வெட்கம்?

கோமதி கதவைத் திறந்தபோது எழுந்த வேகத்தில் முட்டியை இடித்துக்கொண்டேன்.

இந்த முறை ஹெட்போன் வேண்டாம், ஸ்பீக்கரிலேயே போடு என்றேன். போட்டாள். இரைச்சல். என் வயிறு, இடி போல. கோமதிக்குச் சிரிப்பு வந்தது. சிரிப்பு பாதியில் நின்றது.

ம்ம்... ம்ம்ம்...

வேறு ட்யூன். வித்துராவும் இல்லை, மழையும் இல்லை. மெதுவாக, கரகரப்பாக, கொஞ்சம் சோகமாக ஏறி இறங்கியது. நாங்கள் இருவரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொள்ளவே இல்லை.

அந்த நேரம் பார்த்து ராஜம் காப்பியோடு உள்ளே வந்தாள். ஒரு கணம் நின்று கேட்டாள். “அட! உங்களுக்குப் பாடக்கூட வருமா? நன்னா இருக்கே!”

“நா... நான் பாடலை ராஜம்.”

“போங்கோ. உங்க குரல் எனக்குத் தெரியாதா? முப்பது வருஷமா போன்ல கேட்கறேன்.”

கோமதி பழைய ஃபைலைத் திறந்தாள். அந்த முதல் நாள் அமைதி. “அம்மா, இது யாரு?”

ராஜம் டம்ளரை என் கையில் கொடுத்துக்கொண்டே, திரும்பிக்கூடப் பார்க்காமல் சொன்னாள்: “நீதாண்டி. வயத்திலே இருக்கச்சேலேர்ந்து கேட்கறேன், எனக்குத் தெரியாதா? காப்பி ஆறறது, குடியுங்கோ.”

கோமதி தரையிலேயே உட்கார்ந்துவிட்டாள். முகத்தைப் பொத்திக்கொண்டு அழுதாள். பஸ்ஸில் அவளுக்குத் தோன்றுவதற்கு மூன்று வாரம் முன்னாலேயே அந்தப் பாட்டு அவளுக்குள்ளே ஓடிக்கொண்டிருந்திருக்கிறது. அவள் காதுக்குத்தான் எட்டவில்லை. இந்த அறைக்கு எட்டிவிட்டது. எப்படி என்று கேட்காதீர்கள், எனக்குத் தெரியாது. தெரிந்துகொள்ள ஆசையும் இல்லை.

“என்னோடதுதான், அல்லே மாமா?” என்றாள், மூக்கை உறிஞ்சிக்கொண்டு.

“உன்னோடதுதான்.”

“அப்போ ரெண்டாவது?”

இடித்துக்கொண்ட முட்டியைத் தடவிக்கொண்டே கிளம்பினேன். ஐம்பது வருடப் பாட்டுகளையும் வீடு திரும்புகிற ஆட்டோவில் ஒவ்வொன்றாகத் தேடிப் பார்த்தேன். அந்த ட்யூன் எதிலும் இல்லை. அடுத்தவர் பாட்டில் எல்லாம் திருட்டைக் கண்டுபிடித்தவன், என் வாழ்நாளில் ஒரு வரி பாடியதில்லை. பாட வேண்டும் என்று நினைத்ததும் இல்லை... என்றுதான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

வெள்ளிக்கிழமை கோமதியின் பாட்டு வெளியாகிவிட்டது. எழுத்து, இசை, குரல் மூன்றிலும் அவள் பெயர்தான், தயக்கமே இல்லாமல். கேட்டுப் பாருங்கள். பழைய பாட்டு எதுவும் ஞாபகம் வராது, நான் கேரண்டி.

நேற்று பகலில் ஹாலில் சும்மா உட்கார்ந்து பேப்பர் படித்துக்கொண்டிருந்தேன். சமையலறையிலிருந்து என் மனைவி கேட்டாள். “என்ன பாட்டு அது? காலையிலேர்ந்து முனகிக்கிட்டே இருக்கீங்க?”

நான் வாயே திறக்கவில்லை.