கட்டிலில் கேட்ட ஆமென்

கர்த்தருக்குள் அன்பான உங்கள் முன் இதைச் சொல்ல எனக்கு இத்தனை வருடம் ஆனது. பாஸ்டர் கேட்கும்போதெல்லாம் தட்டிக்கழித்தேன். என் சாட்சியின் நடுவில் ஒரு பொய் இருக்கிறது.

கொரோனா இரண்டாவது அலை, மே மாதம். பெங்களூர் வைட்ஃபீல்டில் எலெக்ட்ரீஷியனாக வேலை பார்க்கும் என் கணவர் அருளுக்குக் காய்ச்சல். ஜோகுபாளையத்தில் எங்களுடையது கீழ் வீடு. மாடியில் ஸ்டெல்லா அக்கா. வெள்ளிக்கிழமைதோறும் எங்கள் வீட்டு ஜெபத்துக்கு வருவார். விஷயம் தெரிந்தால் வாசலில் நோட்டீஸ் ஒட்டுவார்கள், தெருவே ஒதுக்கிவிடும் என்று பயந்தேன். "சும்மா வெயில் ஜுரம்தான்க்கா" என்றேன். அக்கா செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வந்து, எப்போதும்போல் அருளின் தலையில் கைவைத்து ஜெபித்தார். நான் தடுக்கவில்லை.

மூன்றாம் நாள் டெஸ்ட் முடிவு வந்தது. அவர், நான், மகள் ஜெனி, மூவருக்குமே கொரோனா. நானும் ஜெனியும் மாத்திரையிலும் கஞ்சியிலும் தேறினோம். அவருக்கு ஆக்ஸிஜன் எண்பத்தெட்டுக்கு இறங்கியது. எந்த ஆஸ்பத்திரியிலும் படுக்கை இல்லை. "பெட் கிடைக்கிற வரைக்கும் குப்புறப் படுக்க வைங்க" என்றார் போனில் டாக்டர். மாலை ஏழு மணி குடும்ப ஜெபத்தில் ஆமென் சொல்லக்கூட அவருக்கு மூச்சில்லை. கல்யாண மோதிரத்தால் இரும்புக் கட்டிலை ஒரு தட்டு தட்டுவார். அதுதான் அவருடைய ஆமென்.

செவ்வாய்க்கிழமை அவர் தட்டவில்லை. கூப்பிட்டேன், கண் திறக்கவில்லை. அக்காவுக்குப் போன் போட்டேன். எடுத்ததும் இருமல் கேட்டது. எனக்கு உயிரே போய்விட்டது.

"அக்கா, நான் பொய் சொல்லிட்டேன். உங்களுக்கும் என்னாலதான்..."

"தலைய தொட்டப்பவே தெரிஞ்சிச்சும்மா. சாதா சூடா அது? ஜெபத்துக்கு வெச்ச கைய எப்படி எடுக்கிறது? அழாத. போனை அருள் காதுகிட்ட வை."

இருமலுக்கு நடுவே, வார்த்தை வார்த்தையாக ஜெபித்தார். தன் பெயரை ஒருமுறைகூடச் சொல்லவில்லை. அக்கா ஆமென் என்றதும் கட்டிலில் மெல்ல ஒரு சத்தம். அருளின் விரல்.

மறுநாள் அருளின் ஆக்ஸிஜன் தொண்ணூற்றொன்று. அடுத்த வாரம் எழுந்து உட்கார்ந்து ரசம் சோறு சாப்பிட்டார். அதே வாரம் அக்காவை ஆம்புலன்ஸில் ஏற்றிப்போனார்கள். ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு பார்த்தேன். அவர் திரும்பி வரவில்லை. முகத்தைப் பார்க்கக்கூட எங்களை விடவில்லை.

ஆண்டவர் என் ஜெபத்தைக் கேட்டார். அக்காவுக்காக அழுததை ஏன் கேட்கவில்லை என்று இன்றும் அவரிடம் சண்டை போடுகிறேன். ஸ்தோத்திரமும் அவருக்குத்தான், சண்டையும் அவரிடம்தான். இப்போது எங்கள் தெருவில் யார் காய்ச்சலில் படுத்தாலும் மாஸ்க் போட்டுக்கொண்டு கஞ்சித் தூக்கோடு போய் நிற்கிறேன்.

அன்பானவர்களே, அவரை நம்புங்கள். அவர் கேட்கிறார். ஆனால் வீட்டில் நோய் வந்தால் மறைக்காதீர்கள். முதலில் மாடி வீட்டுக்குச் சொல்லிவிட்டு, பிறகு முழங்கால் போடுங்கள். நான் அப்படிச் செய்திருந்தால், இந்தச் சாட்சியைக் கேட்க ஸ்டெல்லா அக்காவும் இங்கே உட்கார்ந்திருப்பார்.