ஆணும் பெண்ணுமாய் நான் வரைந்த முகம்

அந்தச் செய்தி வந்தபோது நான் கடையில் ஒரு காதணி விழா பேனரில் தாய்மாமனின் முகத்தை வெளுப்பாக்கிக்கொண்டிருந்தேன். திண்டுக்கல்லில் பிளக்ஸ் கடை டிசைனர்களுக்குப் பாதி வேலை அதுதான். போனில் ஒரே ஒரு வரி தெரிந்தது. "நீங்க திண்டுக்கல்லுங்களா?"

அது வந்த இடம்தான் என்னை நடுங்க வைத்தது. நான் வேறு பெயரில் படம் போடும் இணையக் கணக்கு அது. அங்கே என்னை யாருக்கும் தெரியாது. நான் ஆணா பெண்ணா, எந்த நாடு, எதுவும் தெரியாது. அதுவரை அங்கே எல்லோரும் என்னோடு ஆங்கிலத்தில்தான் பேசினார்கள். முதன்முதலாக ஒருவர் தமிழில் எழுதியிருந்தார். அதுவும் என் ஊர்ப் பெயரை.

நான் என்ன வரைகிறேன் என்பதைச் சொல்லிவிடுகிறேன். ஜப்பான் பாணியில், வயது வந்தவர்களுக்கான படங்கள். காமப் படங்கள் என்றே சொல்லலாம். என் படங்களில் வருகிறவர்கள் நன்றாக வளர்ந்த, முப்பது தாண்டிய ஆட்கள். அகன்ற தோள், காய்த்துப்போன உள்ளங்கை, மார்பு, இடுப்பு, மை தீட்டிய கண். ஆண் என்று நினைத்தால் பெண். பெண் என்று நினைத்தால் அதுவும் சரியாக இராது. வெளிநாட்டில் இதற்கென்று ரசிகர்கள் இருக்கிறார்கள். இப்படி முகம் வேண்டும், இப்படி உடை வேண்டும் என்று கேட்டு, காசு கொடுத்து வரைந்து வாங்கிக்கொள்வார்கள்.

இதைத் தற்செயலாகத்தான் பார்த்தேன். ஒரு கல்யாண பேனருக்குப் பூ பார்டர் தேடிக்கொண்டிருந்தபோது திரையில் அப்படியொரு படம் வந்து விழுந்தது. சட்டென்று மூடினேன். வீட்டுக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு மறுபடி தேடி எடுத்தேன். கண் முதலில் இது ஆணா பெண்ணா என்று துழாவியது. பதில் கிடைக்கவில்லை. செத்த நேரத்தில் துழாவுவதை விட்டுவிட்டது. அப்புறம் அந்த உடம்பை வெறும் உடம்பாகப் பார்க்க முடிந்தது. அந்த நிம்மதியை எனக்கு அதுவரை எந்தப் படமும் தந்ததில்லை. ஆண் உடம்பைப் பார்த்தால் கொஞ்சம் பயமும், பெண் உடம்பைப் பார்த்தால் என்னோடு ஒப்பிட்டுக்கொள்ளும் வேதனையும் எனக்கு உண்டு. இங்கே இரண்டும் இல்லை. ஆசை மட்டும் இருந்தது. அந்த ஆசை என்னைப் பற்றி என்ன சொல்கிறது என்று யோசித்தபோது வேறொரு பயம் வந்தது.

பஸ் ஸ்டாண்டில் கை தட்டி ஆசீர்வாதம் பண்ணும் திருநங்கை அக்கா ஒருவர் உண்டு. வரைய ஆரம்பித்த பிறகு அவர் கண்ணைப் பார்க்க எனக்குக் கூசியது. அவர் வாழ்க்கை வேறு, என் படம் வேறு என்று எனக்குத் தெரியும். ஆனாலும் அவரைக் கேட்காமல் அவரிடமிருந்து எதையோ எடுத்துக்கொண்டது போல் இருக்கும்.

செய்தி அனுப்பியவர் எப்படிக் கண்டுபிடித்தார் என்று அன்று மத்தியானமே புரிந்துவிட்டது. கடைசியாகப் போட்ட படத்தில், கட்டிலுக்குப் பின்னால் ஒரு ஜன்னல் வைத்திருந்தேன். ஜன்னலுக்கு வெளியே என்ன வரைவது என்று யோசிக்கச் சோம்பல்பட்டு, எங்கள் கடை மாடியிலிருந்து தெரிவதை அப்படியே போட்டுவிட்டேன். தலையணையைக் கவிழ்த்துப் போட்டது போன்ற மொட்டைப் பாறை, அதன் உச்சியில் கோட்டைச் சுவர். உலகத்தில் யாருக்கும் அது ஒரு பாறை. இந்த ஊர்க்காரனுக்கு அது விலாசம்.

படத்தை உடனே அழித்தேன். அடுத்த செய்தி வந்தது. "அழிச்சுட்டீங்க போல. நல்லதுங்க. பயப்படாதீங்க. ஒரு தடவ பாத்துப் பேசணுமுங்க."

பயப்படாதீங்க என்று எழுதுகிற ஆளைக் கண்டு பயப்படாமல் எப்படி இருப்பது? அதன்பின் நான் பார்த்த ஆம்பளைகள் எல்லாம் அந்த ஆளாகவே தெரிந்தார்கள். பேனருக்கு போட்டோ கொடுக்க வந்து என் திரையை எட்டிப் பார்த்தவர், பேகம்பூர் திருப்பத்தில் என் வண்டிக்குப் பின்னாலேயே வந்தவர், ஞாயிற்றுக்கிழமை மாதா கோயிலில் எனக்கு முன் வரிசையில் முழங்கால் போட்டிருந்தவர், எல்லோரும். வீட்டில் குழம்பு அடிப்பிடித்தது. என் கணவர், "என்னம்மா, ஒடம்புக்கு முடியலையா?" என்று கேட்டார். அவர் ஒரு நூல் மில்லில் சூப்பர்வைசர். அதிகம் பேசாதவர். நான் தலைவலி என்றேன்.

பதில் போடாமல் இருந்தால் அந்த ஆள் வேறு வழியில் தேடி வருவானோ என்ற பயம், போய்ப் பார்க்கும் பயத்தைவிடப் பெரிதாகிவிட்டது. ஆள் நடமாட்டம் உள்ள இடமாக, பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் ஒரு பேக்கரியைச் சொன்னேன். காலை நேரம், வாசலை ஒட்டிய மேசை என்று எழுதினேன். கடைக்கு லீவு சொல்லிவிட்டுப் போனேன்.

வந்தவருக்கு ஐம்பது வயதிருக்கும். வெள்ளைச் சட்டை, பெரிய மீசை, சட்டைப் பையில் கண்ணாடி. என்னைப் பார்த்ததும் அவர் முகம் வெளிறியது. பெண்ணை எதிர்பார்க்கவில்லை.

"ஏனுங்க அம்மிணி, நீங்களா அது?" என்றார். நான் தலையாட்டினேன். அவர் உட்கார்ந்து, டீ டம்ளரைப் பிடித்தார். டீ சாஸரில் தெறித்தது. அவருக்கும் பயம்தான் என்று அப்போதுதான் புரிந்தது.

ஒட்டன்சத்திரத்தில் காய்கறி மண்டி வைத்திருப்பதாகச் சொன்னார். இரண்டு பெண்களைக் கட்டிக்கொடுத்துவிட்டார். மனைவி இருக்கிறார்.

"என்ன வேணும் உங்களுக்கு?" என்று கேட்டேன். நான் நினைத்ததைவிட என் குரல் சத்தமாக வந்துவிட்டது.

"ஒண்ணும் வேண்டாமுங்க. அந்த ஜன்னலப் பத்திச் சொல்லத்தான் வந்தனுங்க. நான் கண்டுபிடிச்ச மாதிரி இன்னொருத்தன் கண்டுபிடிப்பானுங்க. அவன் எப்படிப்பட்டவனோ தெரியாதுங்க."

"அத எழுதியே சொல்லியிருக்கலாமேய்யா."

"சொல்லியிருக்கலாமுங்க." பக்கத்து மேசையில் பஃப்ஸ் தின்றுகொண்டிருந்த கல்லூரிப் பிள்ளைகளை ஒரு முறை பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார். "இந்தப் படங்கள எத்தனையோ வருசமா பாக்கறனுங்க. யார்கிட்டயும் வாய் தொறந்ததில்லீங்க. ஒரு தடவையாச்சும் ஒரு மனுசங்கிட்டச் சொல்லிப் பாக்கணும்னு இருந்துச்சுங்க."

அவரே தொடர்ந்தார். "மத்தவங்க வரையறதுல இந்த மாதிரி ஆளுகள வெக்கப்படுத்தி, கேலி பண்ணி, அழ வெச்சு, அப்புறந்தானுங்க ரசிப்பாங்க. நீங்க வரையறவங்க நிமுந்து நிக்கறாங்க. அதப் பாக்கறப்ப எனக்கு அவங்க மேல ஆசையா, அவங்களா இருக்கணும்னு ஆசையான்னே தெரியலீங்க."

என் மனதுக்குள் நான் கேட்டுக்கொள்ளத் துணியாத கேள்வி அது. அதை முன்பின் தெரியாத ஒருவர், பேக்கரியில், பட்டப்பகலில் கேட்டுவிட்டார்.

"எனக்கும் தெரியாதுங்கய்யா," என்றேன்.

"கோயில்லயே பாதி ஆணு பாதி பொண்ணுன்னு சாமி நிக்குதுங்களே, அது தப்பில்லைனா இதும் தப்பில்லன்னு சொல்லிக்குவனுங்க. ஆனா மனசு ஏத்துக்க மாட்டேங்குது."

"அதுல நடுவுல ஒரு கோடு இருக்குய்யா," என்றேன். "இந்தப் பக்கம் இது, அந்தப் பக்கம் அதுன்னு. நான் வரையறதுல கோடு கிடையாது. அதான் நம்மளப் பயமுறுத்துதோ என்னவோ."

அவர் டீயைக் குடித்து முடித்தார். பிறகு எழுந்து கும்பிட்டுவிட்டு, பழனி பஸ் நிற்கும் பக்கமாகப் போனார். அவருடைய இணையக் கணக்கு கொஞ்ச நாளில் காணாமல் போய்விட்டது. அதன் பிறகு அவரிடமிருந்து எதுவும் வரவில்லை.

பயம் தீர்ந்தது என்று நினைத்தேன். ஆனால் அன்று பேக்கரிக்கு எதிரே என் நாத்தனார் நின்றிருக்கிறார். பூ மார்க்கெட்டிலிருந்து திரும்பும் வழி அது. என்னிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. தம்பியிடம் சொல்லிவிட்டார்.

மறுநாள் என் கணவர் முதல் ஷிப்ட் முடிந்து வந்து சாப்பிட உட்கார்ந்தார். சோற்றைப் பிசைந்தபடியே, என்னைப் பார்க்காமல் கேட்டார்.

"நேத்து பேக்கரில யாரு கூட உக்காந்திருந்த?"

"ஒரு கஸ்டமருங்க."

"கடைக்கு லீவு போட்டுட்டுப் போய்ப் பாக்குற கஸ்டமரா? கடைக்குப் போன் பண்ணிக் கேட்டுட்டேன்."

பொய் சொன்னால் இன்னொரு ஆளோடு பழகுகிறவள் ஆவேன். உண்மையைச் சொன்னால் என்ன ஆவேன், அதற்குப் பெயர்கூட எனக்குத் தெரியாது. நாத்தனார் ஊரெல்லாம் பேசுவார். எங்கள் பக்கத்தில் ஒரு பெண் இன்னொருவனோடு பழகுகிறாள் என்று பேச்சு கிளம்பினால் அது சாகும்வரை ஓயாது. நான் உள்ளே போய் லேப்டாப்பை எடுத்து வந்தேன்.

"கையக் கழுவிட்டு வாங்க," என்றேன். "ஒண்ணு காட்டணும்."

அவர் கழுவிவிட்டு வந்து உட்கார்ந்தார். நான் ஒவ்வொன்றாகத் திறந்தேன். மூன்றாவது நாலாவது படத்தில் அவர் கேட்டார்.

"இது ஆம்பளையா, பொம்பளையா?"

"ரெண்டும்."

"ரெண்டும்னா?"

"ரெண்டுந்தாங்க. நான்தான் வரைஞ்சேன். அந்த ஆளு இந்தப் படத்தப் பாக்குறவரு. இதுல நம்ம ஊரு மலை தெரிஞ்சுபோச்சுன்னு எச்சரிக்க வந்தாரு. வேற ஒண்ணும் இல்ல."

"ஒனக்கு இதெல்லாம் புடிக்குமா?"

"புடிக்கும்."

"அப்ப என்னய?"

அவர் கோபப்படுவார் என்று எதிர்பார்த்திருந்தேன். அடி விழும் என்றுகூட ஒரு கணம் நினைத்தேன், இதுவரை கை ஓங்காத மனிதரிடம். ஆனால் அந்தக் கேள்வியில் இருந்தது பயம். எனக்குள் இத்தனை நாள் இருந்த அதே பயம், அவர் தொண்டையில் இருந்து வந்தது.

நான் பதில் சொல்வதற்குள் அவர் திரையை நோக்கிக் குனிந்தார். ஒரு முகத்தைப் பெரிதாக்கினார்.

"இது யாரு கண்ணு?"

அப்போதுதான் நானும் பார்த்தேன். சத்தியமாக அதற்கு முன் எனக்குத் தெரியாது. அடர்ந்த, நீளமான இமை மயிர், வெளி ஓரத்தில் லேசாகச் சரிந்த கண். அவருடைய கண். பள்ளிக்கூடத்தில் பையன்கள் 'பொம்பளக் கண்ணு' என்று கேலி செய்ததாகக் கல்யாணமான புதிதில் சொல்லியிருக்கிறார். அதற்காகத்தான் மீசையை அவ்வளவு தடிமனாக வைத்திருக்கிறார். நான் வரைந்த ஒவ்வொரு முகத்திலும், யார் கேட்டு வரைந்ததானாலும், அந்தக் கண்ணைத்தான் வைத்திருந்தேன்.

"எத்தன பேரு பாத்திருப்பாங்க?" என்று கேட்டார்.

நான் லேப்டாப்பை மூடினேன்.

"மில்லுல ஒருத்தன் பாத்தாப் போதும். நான் தலை காட்ட முடியாது."

அன்று சாயங்காலமே ஆத்தூரில் இருக்கும் அவர்கள் குடும்பத் தென்னந்தோப்புக்குப் போய்விட்டார். தண்ணி பாய்ச்சணும் என்று மட்டும் சொன்னார். நான் அந்தக் கண் உள்ள படங்களை எல்லாம் இறக்கினேன். இறக்கினாலும் யாரோ எங்கோ எடுத்து வைத்திருப்பார்கள் என்பதும் எனக்குத் தெரியும். நாத்தனார் ஒரு நாள் குழம்புச் சட்டியோடு வந்து வீட்டை நோட்டம் விட்டார். "தம்பி எப்ப வாரானாம்?" என்றார். தெரியாது என்றேன். வாசலில் வண்டிச் சத்தம் கேட்டாலும் பயம், கேட்காவிட்டாலும் பயம். என் கணவர் மாமியாரிடம் சொல்லியிருப்பாரா, எங்கள் அப்பாவைக் கூப்பிட்டு அனுப்பியிருப்பாரா என்று மனம் ஓடிக்கொண்டே இருந்தது.

அவர் யாரிடமும் சொல்லவில்லை. ஒரு காலையில் பத்து இளநீரோடு திரும்பி வந்தார். வரும் வழியிலேயே அக்கா வீட்டுக்குப் போய், "அது வேலை விசயமா வந்த ஆளு, நாந்தான் போய்ப் பாக்கச் சொன்னேன், மறந்துட்டேன்," என்று சொல்லிவிட்டு வந்திருக்கிறார். அவர் எனக்காகச் சொன்ன முதல் பொய் அது. நாத்தனார் நம்பினாரா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது.

"என் கண்ண எடுத்துட்டியா?" என்றார்.

"எடுத்துட்டேன்."

அதைப் பற்றி வெகுநாள் பேச்சே இல்லை. பிறகு ஒரு விடுமுறை நாளில், தண்ணீர் லாரிக்காகக் குடங்களை வரிசையாக வைத்துக்கொண்டிருந்தவர், திரும்பாமலே கேட்டார்.

"அந்தக் கண்ணு... அழகுன்னா போட்ட?"

"ஆமாங்க. அழகுன்னுதான்."

"ஆம்பளைக்கு அது அழகுன்னு யாரும் சொன்னதில்ல," என்றார். குடத்தைத் தூக்கிக்கொண்டு வெளியே போய்விட்டார்.

நான் இன்னும் வரைகிறேன். 'அப்ப என்னய?' என்று அவர் கேட்ட கேள்விக்கு நான் நேராகப் பதில் சொன்னதில்லை. அவரும் மறுபடி கேட்கவில்லை. தெரியாத எண்ணிலிருந்து போன் வந்தால் இருவருமே எடுப்பதற்கு முன் ஒருவரையொருவர் பார்த்துக்கொள்கிறோம். அவர் படங்களைப் பார்ப்பதில்லை. ஆனால் மத்தியான வேளைகளில் நான் பேனாவை எடுத்தால், நாற்காலியை இழுத்து வாசலைப் பார்த்தபடி போட்டுக்கொள்கிறார்.

"நீ வரை," என்கிறார். "யாராச்சும் வந்தாச் சொல்றேன்."