கடைசி எண் மூன்று

எனக்கு வண்டிகள் என்றாலே பயம். ராஜபாளையத்தில் பேண்டேஜ் துணி வாங்கி வெளியூர்களுக்கு அனுப்பும் சிறு வியாபாரி நான். கார் ஓட்டத் தெரியும், ஆனால் மூன்றாவது கியருக்கு மேல் போட்டால் உள்ளங்கை வியர்த்துவிடும். அப்படிப்பட்டவன் வீட்டுக்கு, மாமனார் இறந்த பிறகு, அவருடைய பஞ்சு குடோனில் இருபது வருடங்களுக்கு மேல் தார்ப்பாய்க்குள் கிடந்த அமெரிக்க ஸ்போர்ட்ஸ் கார் வந்து சேர்ந்தது. என் மனைவி அவருக்கு ஒரே மகள். விற்றுவிடலாம் என்று நான் மூன்று முறை சொன்னேன். மூன்றாவது முறை அவள் எழுந்து போய்த் தார்ப்பாயை மடித்து வைத்தாள்.

முதலில் அது என்ன வண்டி என்றே எங்களுக்குத் தெரியாது. இரண்டே கதவு, இரண்டே இருக்கை. டிக்கிக்கு வெளியிலிருந்து திறக்கும் மூடியே கிடையாது. சாமானை இருக்கைக்குப் பின்னால்தான் திணிக்க வேண்டும். ஹெட்லைட்டுகள் மூக்குக்குள் மறைந்திருந்து, சுவிட்சைத் தட்டினால் உருண்டு வெளியே வரும். எங்களுடையதில் ஒன்றுதான் வந்தது, மற்றது பாதியில் நின்றது. காந்தத்தை வைத்துப் பார்த்தோம், எங்கேயும் ஒட்டவில்லை. உடம்பு முழுக்க ஃபைபர். “யாரோ பட்டறையில செஞ்ச டூப்ளிகேட்டு” என்று தெருவில் சிரித்தார்கள். நானும் நிம்மதியாக அதையே நம்பினேன்.

மனைவி விடவில்லை. பழைய கார் வைத்திருப்பவர்கள் கூடும் இன்டர்நெட் குழு ஒன்றில் படங்களைப் போட்டாள். பதில்கள் வந்து குவிந்தன. பின்கண்ணாடி நடுவில் ஒரு தண்டு ஓடி இரண்டாகப் பிரிந்திருக்கிறது பாருங்கள், இந்தக் காரைச் செய்த கம்பெனி ஒரே ஒரு வருடம்தான் அப்படிச் செய்தது, இந்த நாட்டில் அப்படி ஒன்று இருப்பதே எங்களுக்குத் தெரியாது என்று எழுதியிருந்தார்கள். அவள் குதித்தாள். நான் வீட்டு ஷெட்டுக்கு இன்னொரு பூட்டு வாங்கினேன். அதுவரை அது பழைய சாமான். இனிமேல் அது தொலைந்து போகக்கூடிய பொருள்.

செட்டியார்பட்டியிலிருந்து ஒரு மெக்கானிக் வந்தார். லாரி வேலை பார்ப்பவர், வயதில் என்னைவிட இளையவர். எலி கடித்த வயர்களை மாற்றினார். இப்போது வரும் பெட்ரோல் பழைய ரப்பர் குழாய்களை ஊற வைத்துவிடும் என்று எல்லாக் குழாய்களையும் பிடுங்கிப் போட்டார். ஃபைபர் உடம்பில் தீப்பிடித்தால் நிமிடத்தில் போய்விடும் என்று பேச்சுவாக்கில் சொன்னார். அன்றே ஷெட்டில் இரண்டு வாளி மணலும் ஒரு தீயணைப்பு சிலிண்டரும் வாங்கி வைத்தேன். பிரேக் வேலை முடித்த அன்று அவர் சொன்னதுதான் என்னைத் தூங்கவிடவில்லை.

“அண்ணாச்சி, இதுல ஒரே லைன்தான். எங்கயாவது ஒரு இடத்துல ஒழுகுச்சுன்னா நாலு வீலுக்கும் பிரேக் இருக்காது. ஒரிஜினல் ரப்பர் கெடைக்கல, ஜீப்பு ரப்பரைத் தேச்சுப் போட்டிருக்கேன். மெதுவாப் போங்க.”

ஆர்.சி.யைப் புதுப்பிக்க வேண்டும், அதற்கு எண்களைச் சரிபார்ப்பார்கள் என்பதால், ஒரு ஞாயிறு ஆராதனை முடிந்து வந்து டார்ச்சுடன் வண்டிக்குள் மல்லாந்து படுத்தேன். டாஷ்போர்டில் சாமான் வைக்கும் பெட்டிக்கு அடியில் சின்னத் தகடு. மனைவி வெளியே நின்று ஆர்.சி. புத்தகத்திலிருந்து எண்ணை வாசித்தாள். எல்லாம் சரியாக வந்தது, கடைசி எண் வரை.

“எட்டு” என்றாள்.

“மூணு” என்றேன்.

எச்சில் தொட்டுத் துடைத்துப் பார்த்தேன். மூன்றுதான். மறுநாள் மெக்கானிக் என்ஜினின் முன்பக்கத்தை மண்ணெண்ணெய் விட்டுத் துடைத்தார். அங்கே பொறித்திருந்ததும் மூன்றில்தான் முடிந்தது. வண்டி ஒன்று, புத்தகம் வேறொன்று.

அன்று சாயங்காலமே ஒரு போன் வந்தது. கோயம்புத்தூரிலிருந்து பேசுவதாகச் சொன்னார். குழுவில் படத்தைப் பார்த்தாராம்.

“அது எங்க அப்பா வண்டிங்க. மலைக்கு அந்தப் பக்கம் எங்களுக்கு ஏலக்காய் எஸ்டேட் இருந்துச்சு. எனக்கு எட்டு வயசு இருக்கும்போது மதுரையில வண்டி திருட்டுப் போச்சு. எங்கிட்ட இறக்குமதிப் பேப்பர் இருக்கு. நம்பரைப் படிக்கட்டுமா?”

அவர் நிதானமாகப் படித்தார். கடைசியில் “மூணு” என்றார்.

வியாழக்கிழமை நேரில் வருவதாகச் சொல்லிப் போனை வைத்தார். மனைவியிடம் சொன்னேன். அவள் முகம் மாறியதை அன்றுதான் பார்த்தேன்.

“அப்ப எங்கப்பா திருட்டு வண்டியவா வாங்குனாரு?”

“நான் அப்படிச் சொல்லலையே.”

“சொல்லல. நெனைக்கிறீங்க.”

நினைத்தேன்தான். மறுநாள் காலை காக்கிச் சட்டையோடு கேஸ் சிலிண்டர்காரர் வாசலில் நின்றபோது போலீஸ் என்று நினைத்துக் கொல்லைப்பக்கம் போய்விட்டேன். திருட்டுப் பொருளை வைத்திருந்தால் என்ன தண்டனை என்று போனில் தேடிப் படித்துவிட்டு, தேடியதையும் அழித்தேன்.

செவ்வாய்க்கிழமை மதியம், மனைவி வெளியே போயிருந்தாள். மெக்கானிக்கின் பெட்டி ஷெட்டிலேயே இருந்தது. அதில் இரும்பில் எண் அடிக்கும் உளிகளின் செட். எட்டு என்ற உளியையும் ஒரு சுத்தியலையும் எடுத்துக்கொண்டு வண்டிக்குள் படுத்தேன். மூன்றின் மேல் எட்டை அடித்தால் மூன்று மறைந்துவிடும். ஒரே அடி. உளியைத் தகட்டில் வைத்துவிட்டேன். வியர்வை கண்ணுக்குள் இறங்கியது.

“என்ன செய்யுறீங்க?”

மனைவி திரும்பி வந்திருந்தாள். நான் எழுந்துகொள்ளக்கூட இல்லை.

“இதுவரைக்கும் அது திருட்டு வண்டியான்னு நமக்குத் தெரியாது” என்றாள். “நீங்க அடிச்சுட்டா நிச்சயமாத் திருட்டு வண்டிதான். திருடன் யாருன்னும் தெரிஞ்சுரும். அதைக் கீழ வைங்க.”

வைத்தேன். அவள் கத்தியிருந்தால் பரவாயில்லை என்று இருந்தது.

அன்று சாயங்காலம் அவளுக்கு ஒன்று ஞாபகம் வந்தது. அவள் அப்பா வண்டிக் காகிதங்களையெல்லாம் ஸ்ரீவில்லிபுத்தூரில் ஒரு ஏஜெண்டிடம்தான் கொடுப்பார். அந்த ஏஜெண்டும் போய்ச் சேர்ந்துவிட்டார். மகன் அங்கேயே ஜெராக்ஸ் கடை வைத்து, லைசென்ஸ் வேலையும் பார்க்கிறார். அப்பா காலத்துக் கட்டுகளை அவர் பரணில் வைத்திருக்கிறாராம். புதன் முழுக்கத் தேடியும் கிடைக்கவில்லை. வியாழன் காலையில் மறுபடி ஸ்கூட்டரை எடுத்தாள்.

“அவிய வந்தா காப்பி குடுத்து உக்கார வச்சுப் பேசிட்டு இருங்க. நான் வாரேன்.”

பத்து மணிக்கு அவர் வந்தார். அறுபதைத் தொட்டவர், மெலிந்த உடம்பு, கையில் தோல் பை. அதட்டுவார் என்று எதிர்பார்த்திருந்தேன். அவர் நேரே ஷெட்டுக்குப் போய் வண்டியின் பின்கண்ணாடியில், நடுத் தண்டின் மேல் உள்ளங்கையை வைத்து அப்படியே நின்றார். அதட்டியிருந்தால்கூட நான் அவ்வளவு பயந்திருக்க மாட்டேன். பிறகு பேப்பரை எடுத்துக் காட்டினார். தகட்டில் இருந்த அதே எண்.

காப்பி ஆறிக்கொண்டிருந்தபோது மனைவி போன் செய்தாள்.

“பேப்பர் கெடைச்சிருச்சு. மக்கிப் போய் இருக்கு, கடைக்காரரு வெளிய குடுக்க மாட்டேங்காரு. அவியளைக் கூட்டிட்டு வாங்க.”

“போட்டோ எடுத்து அனுப்பேன்.”

“எழுத்து வெளிறிக் கெடக்கு, போட்டோல விழல. கையெழுத்து யாருதுன்னு அவியதான் பாத்துச் சொல்லணும். சீக்கிரம் வாங்க.”

ஆட்டோ கூப்பிடப் போனேன். அவர் தயங்கித் தயங்கிக் கேட்டார்: “இந்த வண்டியிலேயே போலாமாங்க? ஒரே ஒரு தடவை.”

சாவியை எடுத்துக்கொண்டேன். புதுப்பிக்காத ஆர்.சி.யோடு, எண் பொருந்தாத வண்டியில், அது தன்னுடையது என்று சொல்பவரையே பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டு ஸ்ரீவில்லிபுத்தூர் ரோட்டில் ஏறினேன்.

அதில் ஸ்டியரிங் இடப்பக்கம். முன்னால் போகிற லாரியைத் தாண்ட வேண்டுமென்றால், எதிரே என்ன வருகிறது என்பது ஓட்டுகிறவனுக்குத் தெரியாது. வலது பக்கம் உட்கார்ந்திருப்பவர்தான் எட்டிப் பார்த்துச் சொல்ல வேண்டும். அதுவரை சோதித்துப் பார்க்க எடுத்தபோதெல்லாம் மனைவி ஓட்டினாள், நான் சொன்னேன். அன்று அவர் சொன்னார். “வேண்டாம்… வேண்டாம்… பஸ் வருது… இப்பப் போலாம், போங்க.” நான் போனேன். என் வண்டியைப் பறிக்க வந்தவர் என்று நான் நினைத்திருந்த மனிதரின் ஒரு வார்த்தையை நம்பி, கண்ணுக்குத் தெரியாத ரோட்டுக்குள் வண்டியைத் திருப்பினேன். ஒவ்வொரு முறையும் அவர் சொன்னது சரியாக இருந்தது.

ஊருக்கு முந்தைய வளைவில், முன்னால் போன டவுன் பஸ் ஆளை ஏற்றச் சட்டென்று நின்றது. பிரேக்கை மிதித்தேன். பெடல் எதிலும் தட்டாமல் தரைவரை போயிற்று. மறுபடி மிதித்தேன், காற்றை மிதிப்பதுபோல இருந்தது. பஸ்ஸின் பின்படியில் தொங்கிய ஒருவருடைய முகம் பெரிதாகிக்கொண்டே வந்தது. நான் கத்தினேனா என்று தெரியவில்லை.

“கீழ கைப்பிடி! டாஷ்போர்டுக்கு அடியில! இழுங்க!”

அந்தக் கைப்பிடி இருப்பதையே நான் மறந்திருந்தேன். இழுத்தேன். பின்சக்கரங்கள் கிறீச்சிட்டு வண்டி கோணலாகி, ரோட்டோர மண்ணில் இறங்கி, கருவேலம் புதரில் மூக்கை நுழைத்து நின்றது. பஸ் ஒன்றும் அறியாமல் கிளம்பிப் போனது. இறங்கி வாந்தி எடுத்தேன். அவர் என் முதுகைத் தடவிக்கொண்டே, “எங்க அப்பாவும் ஒரு தடவை இப்படித்தான் நிறுத்தினாரு” என்றார். ஆசுவாசமாக இருப்பதற்குப் பதில், பயம் இரண்டு மடங்காயிற்று. இந்த வண்டி உண்மையிலேயே இவருடையதுதான் என்று அப்போது முடிவு செய்துவிட்டேன்.

வண்டியை அங்கேயே விட்டு, ஆட்டோ பிடித்துக் கடைக்குப் போனோம். கண்ணாடி மேஜை மேல் மனைவி அந்தத் தாளை ஒரு கைக்குட்டையில் விரித்து வைத்திருந்தாள். பழுப்பேறிய விற்பனைக் கடிதம். மையால் எழுதியது. என் முழுச் சம்மதத்துடன் விற்று, தொகை முழுவதும் பெற்றுக்கொண்டேன் என்று இருந்தது. கீழே கையெழுத்து. வண்டி எண்ணின் கடைசியில் இருந்தது எட்டா மூன்றா என்றே சொல்ல முடியவில்லை. மூன்றின் இரண்டு வாயும் சுருண்டு உள்ளே மூடியிருந்தன. ஏஜெண்ட் அதை எட்டு என்று படித்து எல்லாக் காகிதங்களிலும் அப்படியே நிரப்பியிருக்கிறார்.

வந்தவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மறுபடி போட்டுக்கொண்டார். விரலை அந்த எண்ணின் மேல் கொண்டுபோனார், தொடவில்லை.

“எங்க அப்பா மூணு இப்படித்தான் போடுவாரு” என்றார். “கையெழுத்தும் அவருதுதான்.”

எனக்கு முதலில் வந்தது சந்தோஷம்தான். வெட்கத்தோடுதான் இதை எழுதுகிறேன். மனைவி என்னைப் பார்க்காமல் முகத்தைத் திருப்பிக் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். அவர் ஸ்டூலில் உட்கார்ந்தார். கடைக்காரர் கொடுத்த தண்ணீரைக் குடிக்கவில்லை.

“எங்க அம்மா சாகுற வரைக்கும் திருட்டுப் போச்சுன்னுதான் நம்பினாங்க” என்றார் பிறகு. “எங்க டிரைவர்தான் திருடனுக்குச் சாவியைக் குடுத்துட்டான்னு அப்பா சொன்னாரு. போலீஸ்ல பிடிச்சுக் குடுத்தோம். அடிச்சாங்க. நான் ஜீப்புக்குள்ள இருந்து பாத்தேன். அந்த டிரைவருக்குச் சொந்த ஊரு வ. புதுப்பட்டி. இங்கிருந்து தூரமாங்க?”

அப்பா ஏன் விற்றார், ஏன் மறைத்தார் என்று அவருக்கும் தெரியவில்லை. தாளின் ஜெராக்ஸ் இரண்டு எடுத்துக்கொண்டார். நாங்களும் வருகிறோம் என்று மனைவி சொன்னதற்கு வேண்டாம் என்று தலையசைத்து, வத்திராயிருப்புப் பக்கம் போகும் பஸ்ஸில் தனியாக ஏறினார்.

மெக்கானிக் வந்து வண்டியைக் கட்டி இழுத்துப் போனார். ஜீப் ரப்பர் மடங்கிப் போயிருந்தது. இந்தத் தடவை குழுவிலிருந்த ஒருவர் மூலம் சரியான ரப்பரை வெளிநாட்டிலிருந்து வரவழைத்தோம். எண்ணைத் திருத்தச் சில மாதம் அலைந்தோம். ஒவ்வொரு நடையிலும் நான் மனைவிக்குப் பின்னால்தான் நின்றேன், ஆனால் யாரும் எங்களைத் திருடர் என்று சொல்லவில்லை.

அவர் பத்து நாள் கழித்துப் போன் செய்தார். டிரைவர் எப்போதோ இறந்துவிட்டாராம். மகள் இருக்கிறாராம், வயல் வேலைக்குப் போகிறவர். இவர் அந்த வீட்டு வாசலிலேயே நின்றபடி விற்பனைக் கடிதத்தின் ஜெராக்ஸைக் கொடுத்திருக்கிறார்.

“அந்தம்மா முழுசாப் படிச்சாங்க” என்றார். “ரெண்டு தடவை. என்னை உக்காரச் சொல்லல.”

நான் போனைக் காதில் வைத்தபடி நின்றேன். அவரும் வைக்கவில்லை.