தரங்கம்பாடியில் அப்பாவுக்குக் கிடைத்த அமைதி

என் மகள் படிக்க உட்கார்ந்தால் போனில் கடல் அலைச் சத்தத்தை ஓடவிடுகிறாள். மனசு அமைதியாகுமாம். நான் எழுந்து அடுத்த அறைக்குப் போய்விடுகிறேன்.

அப்பாவுக்குப் பெங்களூர் பீன்யாவில் பிரஸ் ஷாப் வேலை. நாள் முழுக்கத் தகடு வெட்டும் மெஷின் பக்கத்தில் நிற்பார். வீட்டில் இரண்டு மூன்று தடவை கூப்பிட்டாலும் திரும்பமாட்டார். "உங்கப்பாவுக்கு வேணும்னாத்தான் காது கேக்கும்" என்பாள் அம்மா. நானும் சேர்ந்து சிரிப்பேன்.

தொண்ணூறுகளின் நடுவில் ஓர் ஆயுத பூஜை லீவு. மெட்ராஸ் பீச்சுக்குத்தான் போகணும் என்று நான் அடம்பிடித்தேன். "அங்க ஒரே கூட்டம், கூச்சல். சத்தமில்லாத ஊரா போலாம்மா" என்று அப்பா தரங்கம்பாடிக்குக் கூட்டிப்போனார்.

கரையில் எங்களைத் தவிர யாருமில்லை. காற்று பலமாக வீசியது. அலைகள் பாறையில் மோதி இடித்துக்கொண்டிருந்தன. அப்பா செருப்பைக் கழற்றிவிட்டு மணலில் கால் நீட்டிக் கண்ணை மூடினார்.

"அப்பாடா! ஒரு சத்தம் இல்ல பாரு."

"ஐயே, அலை போடற சத்தத்துல நான் பேசறதே எனக்குக் கேக்கல, இவரு வேற!" என்று பின்னாலிருந்து அம்மா சிரித்தாள்.

அவர் திரும்பவில்லை.

"என்னங்க" என்றாள். பிறகு, "என்னங்க!" என்று கத்தினாள். அப்பா முகத்தில் அந்த நிம்மதி அப்படியே இருந்தது.

அம்மா எழுந்துபோய் அவருக்கு எதிரே உட்கார்ந்து தோளைத் தொட்டாள். அவர் கண் திறந்தார்.

"ஆமாங்க" என்றாள், உதட்டை மெதுவாக அசைத்து. "நல்ல அமைதி."