நான் நிறுத்திய செய்திக்குழு

சிவகாசியில் ஒரு லேபிள் அச்சகத்தில் கட்டிங் மிஷின் ஓட்டுகிறேன். உடன் வேலை பார்ப்பவன் ஆரோக்கியம். இருவரும் எட்டாவதுதான் படித்தோம். ஆனாலும் எந்த மிஷின் நின்றாலும் முதலாளி அவனைத்தான் கூப்பிடுவார். எனக்கு வயிறு எரியும்.

அவன் வீட்டில், கட்டளைகளைத் தட்டி ஓட்டும் யூனிக்ஸ் கம்ப்யூட்டர் ஒன்று உண்டு. வெளிநாட்டு மெக்கானிக்குகள் இணையத்தில் ஒரு செய்திக்குழுவில் எழுதுவதை அது தினமும் காலையில் தானாக இறக்கி வைக்கும். போனில் தமிழாக்கிப் படித்துவிட்டு வருவான். அதற்காக எழுதிய கட்டளை வரியை ஒருநாள் வீட்டில் எனக்கும் காட்டினான்.

"வரிக்கு முன்னால இந்த # குறியப் போட்டா, இறக்குறது நின்னுரும்லே."

அவன் டீ வாங்கப் போனதும் குறியைப் போட்டேன்.

அந்த வாரமே என் மிஷின் கோணலாக வெட்டியது. தீபாவளி லேபிள்கள் வீணாயின. "ஏலே, வெட்டுதா, கடிக்குதா?" என்று முதலாளி கத்தினார். வேலை போய்விடும் என்று பயந்தேன்.

"ஒன் கத்தியப் பத்திக் குழுவுல கேட்டிருக்கேன். ஒருத்தனும் எழுதலலே" என்றான் ஆரோக்கியம்.

சாயங்காலம் அவன் வீட்டுக்குப் போய் உண்மையைச் சொன்னேன். அவன் முகம் சுருங்கியது.

"அந்தக் குறிய நீயே எடு."

எடுத்தேன். மறுநாள் காலை, நின்றிருந்த செய்திகள் எல்லாம் சேர்ந்து இறங்கின. என் கத்திக்கான பதிலும் இருந்தது. அதன்படி அவன் திருகை முடுக்கியதும் கத்தி நேராக வெட்டியது.

"யாருலே சரி பண்ணது?" என்றார் முதலாளி.

"இவந்தான்" என்றான் ஆரோக்கியம்.

முதலாளி என் தோளைத் தட்டினார். அப்போதும் எனக்கு அவன்மேல் பொறாமைதான். நானாக இருந்தால் அப்படிச் சொல்லியிருக்க மாட்டேன்.