அரை சென்டிமீட்டர்

"குதிகாலை ஒட்டி வை. நேராப் பாரு. மோவாயைத் தூக்காத. மூச்சை இழு. ம்... போதும், மூச்சை விடு, உயிரை விட்டுடாத."

மாநகரக் காவல் துறைக்கு ஆள் எடுக்கும் நாட்களில் இதை அவர் ஒரு நாளைக்கு முந்நூறு முறையாவது சொல்வார். விளையாட்டு மைதானத்தின் ஓரத்தில், கொட்டகை நிழலில், உயரம் அளக்கும் கம்பத்துக்குப் பக்கத்தில் நிற்பார். குறுக்குத் தகட்டை இரண்டே விரலால், தூங்கும் குழந்தையின் தலையில் கை வைப்பதுபோல இறக்குவார். அளவை முதலில் மனதுக்குள் படிப்பார். பிறகு உரக்கச் சொல்வார். அருகில் மேசை போட்டிருக்கும் எழுத்தர் அதை எழுதிக்கொள்வார்.

மற்ற மாதங்களில் அவர் சீருடைக் கிடங்கின் ஏட்டு. பூட்ஸ், பெல்ட், தொப்பி வாங்க வருகிறவர்களின் அளவைக் கேட்கமாட்டார். ஏற இறங்கப் பார்த்து எடுத்துப் போடுவார், சரியாக இருக்கும். அந்த வித்தையைப் பேருந்து நிறுத்தத்திலும் விடமாட்டார். "அந்தக் குடைக்காரர் நூத்தி அறுபத்தெட்டு. அந்தம்மா நூத்தி ஐம்பத்து மூணு, செருப்பைக் கழிச்சுட்டேன்" என்று என் காதருகே முணுமுணுப்பார். கிடங்கில் அவருக்குச் சென்டிமீட்டர் என்று பெயர். கூப்பிட்டால் திரும்பிப் பார்ப்பார், கோபம் வராது.

நான் அவர் வீட்டு மாடியில் ஆறு வருடமாகக் குடியிருக்கிறேன். என்னை "மாடி வீட்டுக்காரரே" என்றுதான் அழைப்பார். யாரிடமும் எதுவும் கேட்காத மனிதர். எங்கள் வீட்டு ஏணி வேண்டுமென்றால்கூட, "ஏணி சும்மாத்தான இருக்கு?" என்று கேட்டுவிட்டு நிற்பார். நாமாகப் புரிந்துகொண்டு எடுத்துத் தர வேண்டும். தம்பியைப் பற்றி அவர் வாய் திறந்ததும் ஒரே ஒரு முறைதான். மொட்டை மாடியில் தண்ணீர்த் தொட்டியைக் கழுவிக்கொண்டிருந்தபோது, தொட்டிக்குள்ளே இருந்தபடியே சொன்னார். முகம் தெரியாததால் சொல்ல முடிந்ததோ என்னவோ.

தம்பி இவருக்கு ஏழு வயது இளையவன். இவர் சீருடையில் வீடு திரும்பிய முதல் நாள் தொப்பியைப் பிடுங்கித் தன் தலையில் வைத்துக்கொண்டவன், பிறகு வேறு வேலையை நினைத்தே பார்க்கவில்லை. காவலர் வேலைக்கு இரண்டு முறை விண்ணப்பித்து, இரண்டு முறையும் எழுத்துத் தேர்வில் கோட்டைவிட்டான். மூன்றாம் முறை தேறினான். அப்போது அவனுக்கு இருபத்தாறு. அதற்கு மேல் விண்ணப்பிக்க வயது இடம் கொடுக்காது. இருக்க வேண்டிய உயரம் நூற்று எழுபது சென்டிமீட்டர்.

உடல் அளவுக்கு முந்தின நாள், தம்பி டோக்கனைக் கொண்டுவந்து நீட்டினான்.

"அண்ணா, எண்ணூத்திப் பன்னெண்டு. நாளைக்கு அறுநூத்தி ஒண்ணுல இருந்துதான் கூப்பிடுறாங்க. என் முறை வர மத்தியானம் ஆயிடும்."

"ஆகட்டுமே. அதுக்கென்ன?"

"தூங்கி எழுந்ததும் அளந்தா நூத்தி எழுபது சரியா வருதுண்ணா. நின்னு நின்னு பொழுது போனா கொஞ்சம் இறங்கிடுது. பத்து நாளா அளந்து பார்த்துட்டேன். நீ அங்கதான இருப்ப? கொஞ்சம் முன்னாடி கூப்பிடச் சொல்லேன்."

அண்ணன் சிரித்துவிட்டார். "வேலைக்குச் சேர்றதுக்கு முன்னாடியே சிபாரிசாடா? வரிசையில வா. உயரம் எங்கயும் ஓடிப் போயிடாது."

தம்பியும் சிரித்தான். அதற்கு மேல் கேட்கவில்லை.

டோக்கன் எதுவானாலும் விடிவதற்கு முன்பே வரிசைக்கு வந்துவிட வேண்டும் என்பது உத்தரவு; மறுநாள் அவனும் வந்து நின்றான். உட்கார இடமில்லை. இவர் காலையிலேயே இன்ஸ்பெக்டரிடம் போய், "சார், இன்னைக்கு என் தம்பியும் வர்றான். அவனை வேற யாராவது அளக்கட்டும்" என்றார். இன்ஸ்பெக்டருக்கு இவரை நன்றாகத் தெரியும். "கம்பத்துக்கு அண்ணன் தம்பி தெரியுமா? நீங்களே அளங்க. நான் பக்கத்துல நிக்கிறேன்" என்று சொல்லிவிட்டார்.

எண்ணூற்றுப் பன்னிரண்டு வந்தபோது மணி இரண்டேகால். தம்பியின் சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது. காலணியைக் கழற்றிவிட்டு ஏறி நின்றான். இவர் தகட்டை இறக்கினார். மனதுக்குள் படித்தார். உரக்கச் சொல்லாமல், தகட்டைத் தூக்கி மறுபடி இறக்கினார். இன்ஸ்பெக்டர் குனிந்து பார்த்தார். எழுத்தர் பேனாவோடு காத்திருந்தார்.

"நூத்தி அறுபத்தொம்பதரை."

"சரிங்க சார்" என்றான் தம்பி. காலணியைக் கையில் எடுத்துக்கொண்டு வெறுங்காலோடு வெளிவாசல்வரை நடந்தான். இவர் எண்ணூற்றுப் பதின்மூன்றை அழைத்தார்.

"அளவைக் கூட்டிச் சொல்லியிருக்கலாமேன்னு நான் நினைக்கலை" என்று தொட்டிக்குள்ளிருந்து குரல் வந்தது. "அது தப்பு. நாளைக்கு யாராவது மறுபடி அளந்தா அவனுக்கும் கேவலம். ஆனா காலைல இன்ஸ்பெக்டர் முன்னாடி போய் நின்னேன் பாருங்க, என் பேரு கெடக் கூடாதுன்னு நின்னேன். அதே வாயால, 'அவனை முன்னாடி கூப்பிடலாமா சார்'னு ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். முடியாதுன்னு சொல்லியிருந்தா சரின்னு வந்திருப்பேன். எனக்காகப் பேசினேன், மாடி வீட்டுக்காரரே. அவனுக்காகப் பேசலை."

துடைப்பம் மறுபடி தேய்க்கத் தொடங்கியது.

தம்பிக்கு அடுத்த முறை ஆள் எடுத்தபோது, வருகிற பையன்களுக்காக அவர் இன்ஸ்பெக்டரிடம் கேட்டார். வீட்டிலேயே எழுதிப் பார்த்துவிட்டுப் போய்க் கேட்டாராம். டோக்கன் வரிசையை மாற்ற முடியாது என்றார்கள். ஆனால் பார்வையாளர் படிக்கட்டுக்குப் பின்னால் நிழலில் தார்ப்பாய் விரித்துக்கொள்ள அனுமதி கிடைத்தது. முறை வரும்வரை பையன்கள் அதில் படுத்துக் கிடக்கிறார்கள். பாயை விரிப்பதும் சுருட்டுவதும் இவர்தான். தேறிய ஒருவன் இனிப்புப் பெட்டியோடு கிடங்குக்கு வந்து, "பாய் போட்ட சார் யாரு?" என்று விசாரித்தபோது, "அவர் லீவு" என்று சொல்லி அனுப்பிவிட்டார்.

தம்பி இப்போது மின்தூக்கி பழுதுபார்க்கிறான். கைநிறைய வேலை, மனைவி, இரண்டு பெண் குழந்தைகள். "அவனுக்கு என்ன குறைச்சல்? ராஜா மாதிரி இருக்கான்" என்று கீழ் வீட்டில் மூத்த மகனோடு இருக்கும் அவர்கள் அம்மா எல்லோரிடமும் சொல்வார். மூத்த மகன் இல்லாத நேரத்தில் என்னிடம் வேறு மாதிரி சொன்னார்: "இப்பவும் விடியக்காலைல எழுந்து ஓடுறானாம். எதுக்குடான்னு கேட்டா, பழக்கமாயிடுச்சும்மாங்கறான்."

ஞாயிற்றுக்கிழமைகளில் அம்மாவைப் பார்க்க வருவான். அண்ணனோடு சண்டை இல்லை, பேச்சும் நிற்கவில்லை. ஆனால் அந்த மைதானத்துக்குப் பிறகு 'நீ' என்பது 'நீங்க' ஆகிவிட்டது. "சாப்பிட்டீங்களா?" "கிளம்புறேங்க." அண்ணா என்ற சொல்லைத் தாண்டித் தாண்டிப் பேசுகிறான்.

"திட்டினாத் தேவலை," என்று அன்று தொட்டிக்குள்ளிருந்தே முடித்தார் இவர். "மரியாதை குடுக்கிறான்."

போன மாதம் அம்மாவுக்கு இரண்டு மகன்களோடும் சேர்ந்து ஒரு படம் எடுத்துக்கொள்ள ஆசை வந்தது. கூடத்துச் சுவர் மாடத்தில் வைக்கவாம். எனக்கும் பாஸ்போர்ட் படம் தேவைப்பட்டதால் கூடவே போனேன். புகைப்படக்காரர் அம்மாவை நாற்காலியில் உட்கார வைத்து, மகன்களைப் பின்னால் நிறுத்தினார். அண்ணன் தலை தம்பி தலையைவிட இரண்டு விரல் மேலே நின்றது. தம்பி சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டான். அம்மா புடவைத் தலைப்பை மூன்று முறை சரிசெய்தார். நான் பக்கவாட்டில் இருந்த பெஞ்சில் உட்கார்ந்திருந்தேன்.

"ரெடி. அசையாதீங்க" என்றார் புகைப்படக்காரர்.

அம்மாவின் நாற்காலிக்குப் பின்னால், காமிராவின் கண்ணுக்குத் தெரியாத இடத்தில், அண்ணன் தம் முழங்கால்கள் இரண்டையும் மெல்ல மடக்கினார்.